நைனாவின் கிளிப்பச்சை ஷூ

“பெத்தாயனா, கண்ண மூடிக்கோங்க. கால்ல நான் தொட்டேன்னா ‘தெரியுது’ன்னு சொல்லணும். சரேனா?”

திருப்பதியில் ஒரு சர்க்கரை நோய் டாக்டரின் அறை. டாக்டரம்மா தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பவர். வயசானவர் யார் வந்தாலும் ‘பெத்தாயனா’தான். அவர் கையில் பேனா மாதிரி ஒரு பிடி. அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை.

பெஞ்சில் கால் நீட்டிப் படுத்திருந்தவர் என் அப்பா முனிரத்தினம். எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். வயது அறுபத்து மூன்று. அதுவும் ஆதார் கார்டில் யாரோ ஒரு அதிகாரி உத்தேசமாகப் போட்டது.

டாக்டர் இழையைப் பெருவிரலுக்கு அடியில் வைத்து அழுத்தினார். இழை வளைந்தது.

“தெரியுது மேடம்.”

அடுத்த விரல்.

“தெரியுது மேடம்.”

குதிகால்.

“தெரியுது மேடம்.”

டாக்டர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இப்போது நைனாவின் காலைத் தொட யாருமே இல்லை. மேலே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“தெரியுது மேடம்,” என்றார் நைனா, இன்னும் கொஞ்சம் மரியாதையோடு.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு கேள்வியை மாற்றிப் போட்டார். “இப்போ எந்தக் காலு? சோத்துக்கை பக்கமா, பீச்சாங்கை பக்கமா?” நைனா தவறிப்போனார். பத்துக்கு ஏழு தவறு. உள்ளங்காலில் முக்கால்வாசி இடத்தில் உணர்ச்சி போய்விட்டது என்று டாக்டர் சீட்டில் ஒரு கால் படம் வரைந்து புள்ளி வைத்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “ஏன் நைனா பொய் சொன்ன?”

“அந்தம்மா அம்மாம் தூரம் குனிஞ்சி கால தொட்டுக் கேக்குது. இல்லன்னு எப்பிட்றா சொல்றது?”

ஒரு வாசகருக்கு

இரண்டு வாரத்துக்கு முன்பு இந்தப் பக்கத்தில், நைனா எங்கள் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கியதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வேலூரிலிருந்து ஒரு பெரியவர் கடிதம் போட்டிருக்கிறார். ‘நீங்கள்தான் படித்து வேலைக்கு வந்துவிட்டீர்களே தம்பி. வயதான தகப்பனாரை உட்கார வைத்துச் சோறு போடக் கூடாதா?’

ஐயா, போட்டேன். மூன்று வருடம் போட்டேன். அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். எழுதி முடித்த பிறகும் உங்கள் கேள்விக்கு என் பதில் ‘மாட்டேன்’ என்பதுதான்.

நான் திருப்பதியில் ஒரு காலேஜில் இண்டர், அதாவது பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். திருச்சானூரில் வாடகை ரூம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். வேலை கிடைத்ததும் வீட்டுக்கு வாங்கிய முதல் பொருள் ஒரு சாய்வு நாற்காலி.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. குந்துவார்கள், படுப்பார்கள். நடுவில் சாய்வதற்கு நேரம் இருந்ததில்லை. ஊரில் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் யார் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வாங்கினேன்.

“இனிமே நீ நெலத்துப் பக்கம் போவக் கூடாது நைனா. ஆள வெச்சிப் பாத்துக்கலாம்.”

“நானே ஆளுதானடா?”

“இப்ப இல்ல.”

அந்த ‘இப்ப இல்ல’ சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது நினைத்தால் தலை குனிகிறது.

நைனா உட்கார்ந்தார். டி.வி. பார்த்தார். மத்தியானம் தூங்கினார். முதல் வருடம் தொப்பை வந்தது, அம்மா சந்தோஷப்பட்டாள். இரண்டாம் வருடம் சர்க்கரை வந்தது. “வசதி வந்தா அதுவும்தான் வரும்” என்று காலனியில் யாரோ பெருமையாகச் சொன்னார்கள். மூன்றாம் வருடம் ஒரு காலையில் பாத்ரூமில் குந்தியவர் எழுந்திருக்க முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டார். நெல்மூட்டையைத் தனியாகத் தலையில் ஏற்றிக்கொண்டு எழுந்த கால்கள் அவை.

மூன்று வேளையும் வெள்ளைச் சோறு

டாக்டரம்மா மூன்று விஷயம் சொல்லியிருந்தார். சோற்றைக் குறைக்க வேண்டும். தினம் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும். வெறுங்காலோடு ஓர் அடி கூட வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும். ‘கால்ல ஏதாவது குத்தினா உங்களுக்குத் தெரியாது. தெரியறப்போ லேட்டாகியிருக்கும்.’

மூன்றுக்கும் நைனா “சரி மேடம்” என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் விஷயத்துக்கே வெடித்தார்.

“சோத்தக் கம்மி பண்ணிட்டு களி துன்னணுமா? இந்த வூட்ல களி கிண்டறதில்லன்னு நான் சொல்லி எத்தினி வருஷம் ஆவுது? அம்பது பேரக் கேட்டுட்டு வரச் சொல்லு அந்தம்மாவ!”

இதைப் புரிந்துகொள்ள அவருடைய பத்து வயதுக்குப் போக வேண்டும். பெரிய வீட்டு மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கொல்லைப்புறத்தில் போய் நிற்க வேண்டும். தட்டு கிடையாது. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் மேலேயிருந்து கேழ்வரகுக் களி உருண்டை விழும். கொதிக்கும் சூடு. கையிலும் வைத்திருக்க முடியாது, கீழேயும் போட முடியாது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே ஓடி, ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு ஊதுவாராம்.

பிற்காலத்தில் அரசாங்கம் ஒன்றரை ஏக்கர் பட்டா கொடுத்தது. அதில் முதல் நெல் வீடு வந்த அன்று, இனி இந்த வீட்டில் மூன்று வேளையும் அரிசிச் சோறுதான் என்று சொல்லிவிட்டார். நான் அந்த வாக்கில் வளர்ந்தவன். காலையில் பழைய சோறு, மத்தியானம் குழம்புச் சோறு, ராத்திரி ரசச் சோறு. மலையாகக் குவித்து வைத்தால்தான் அம்மாவுக்கும் திருப்தி.

ஆகவே டாக்டர் அரிசியைக் குறை என்றது அவர் காதில் வேறு மாதிரி விழுந்தது.

ஒரு வாரம் கழித்து, ரத்தப் பரிசோதனைக்காகத் திருப்பதி வந்தவரை மத்தியானம் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் வரிசையாகக் கார்கள். போர்டில் பெரிய எழுத்தில் ‘ராகி சங்கட்டி – நாட்டுக்கோழி’. சங்கட்டி என்றால் எங்கள் களிதான். உள்ளே பட்டுப்புடவைக் குடும்பங்கள் அதை நெய்யில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

நைனா அக்கம்பக்கம் பார்த்தார். “டேய், இத்த துன்றதுக்கா கார்ல வரானுங்க?”

“ஆமா நைனா.”

“பைத்தியம் புடிச்சவனுங்க.”

சர்வர் வந்து வாழையிலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். “அண்ணா, ஏமி காவாலி?” என்று குனிந்து கேட்டார். நைனா கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அது ஒண்ணு கொண்டா. சின்னதா,” என்றார்.

இலையின் நடுவில் பதமாக வந்து அமர்ந்தது உருண்டை. நைனா அவசரப்படவில்லை. விரலால் பிட்டு, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்கினார். அப்படித்தான் சாப்பிட வேண்டும். பக்கத்து மேசைக்காரர் பபிள்கம் மாதிரி மென்றுகொண்டிருந்தார்.

“அவன் மெல்றான் பார்றா,” என்று சிரித்தார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு சமரசம் வந்தது. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு. தட்டில் பாதி இடம் கீரைக்கும் அவரைக்கும். மிச்சத்தில் கொள்ளுப் பருப்போ முட்டையோ. ராத்திரிக்குக் கைப்பிடி அளவு களி. களியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், மூன்று உருண்டை போனால் சோறு தின்ற மாதிரிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை நைனாவுடையது. களியை எவர்சில்வர் தட்டில் வைக்க வேண்டும். தட்டை அவர் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். கையில் கொடுக்கக் கூடாது.

என் அட்டவணை

சாப்பாடு ஒருவழியாயிற்று. அடுத்தது நடை.

ஷூ வாங்கப் போனோம். அகலமான முன்பக்கம், மெத்தென்ற உள்பக்கம் இருக்கிற மாதிரி டாக்டர் எழுதித் தந்திருந்தார். நைனாவின் கால் செருப்பு அதிகம் பார்க்காமல் விரிந்த கால். அந்த அளவில் கடையில் இருந்தது ஒரே ஒரு ஜோடி. கிளிப்பச்சை. வெள்ளை அடிப்பாகம், ஆரஞ்சு லேஸ்.

“கறுப்பு இல்லீங்களா?” என்றேன்.

“இருக்கட்டும் வுட்றா,” என்றார் நைனா. வாழ்க்கையில் முதல் ஷூ. நிறம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

காலனியில் வரவேற்பு பலமாக இருந்தது. “மாமா, எந்த நாட்டுக்கு ஓடப் போற?” “சித்தப்பா, ராத்திரியில லைட்டு எரியுமா அது?” அம்மா மட்டும், “கல்யாணத்துக்குக் கூட இப்பிடி மினுக்கலியே இந்த மனுஷன்,” என்றாள்.

நான் கணக்கு வாத்தியார் அல்லவா? அட்டவணை போட்டேன். எங்கே நடப்பது? காலனியில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மெயின் ரோட்டில் கல் லாரிகள். வரப்பில் முள். சமமான, அகலமான சிமெண்ட் ரோடு ஒன்றே ஒன்றுதான்: ஊர்த் தெரு. காலனிக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற தண்ணீர் டேங்கில் ஆரம்பித்து, மறுமுனை கோயிலில் முடியும் தெரு. டேங்கிலிருந்து கோயிலுக்குப் போய்த் திரும்ப ஆறு நிமிடம், அது ஒரு நடை. நாற்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய ஏழு நடை.

தேதி, நேரம், எத்தனை நடை என்று கட்டம் போட்டு பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். நைனாவுக்கு எழுத வராது. ஒரு நடைக்கு ஒரு கோடு போடச் சொன்னேன். தினம் இரண்டு கோடு, சில நாள் மூன்று. நான் போனில் கடிந்துகொள்வேன். “ஏழு சொன்னேனே நைனா?”

“போறன்டா, போய்க்கினுதான் கீறன்.”

ஏன் இரண்டு கோட்டுக்கு மேல் ஏறவில்லை என்று நான் யோசிக்கவில்லை. கட்டம் போடத் தெரிந்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஓட்டை இல்லாத ஷூ

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்தாள். பாயில் ரத்தக் கறை இருந்ததாம். எங்கேயிருந்து என்று தேடியபோது நைனாவின் இரண்டாவது விரலுக்கு அடியில் வீக்கம், நடுவில் கறுப்புப் புள்ளி. நைனாவுக்கு வலியே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர், “புத்தூர் கூட்டிக்கினு போய்க் கட்டுப் போடு, ரெண்டு கட்டுல சரியாப் பூடும்,” என்றார். எங்கள் பக்கத்தில் எதற்கும் புத்தூர்க் கட்டு. எலும்பு முறிந்தால் சரி. இது சீழ் என்று சொல்லி, முதல் பஸ்ஸில் திருப்பதிக்குக் கொண்டுவரச் செய்தேன்.

டாக்டர் அறுத்து எடுத்தது ஒரு வேலிகாத்தான் முள். அரை விரல் நீளம். அதோடு மூன்று நாளாவது நடந்திருப்பார் என்றார்.

“ஷூ போட்டுக்கிட்டீங்களா பெத்தாயனா?”

“போட்டுக்கினேன் மேடம்.”

டாக்டர் குனிந்து, பெஞ்சுக்குக் கீழே இருந்த பச்சை ஷூவை எடுத்தார். அடிப்பாகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். ஓட்டை இல்லை. கீறல் இல்லை. ஒரு மாதம் நடந்த ஷூ, மண் லேசாக ஒட்டியிருந்ததே தவிர, கடையில் பார்த்த மாதிரியே தேயாமல் இருந்தது.

“அப்போ முள்ளு எப்படி உள்ள வந்துச்சு?”

நைனா அம்மாவைப் பார்த்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்குப் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். ஒரு விரல் போனால் பாதத்தின் பாரம் மாறும், அடுத்த விரலுக்கு ஆபத்து வரும் என்றார் டாக்டர். ரிப்போர்ட் வரும் வரை காரிடாரில் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் அம்மா சொன்னாள்.

“டேங்க்காண்ட போனதும் கழட்டிடறாருடா. கழட்டி மஞ்சப்பையில போட்டுக்கினு, தெரு முடியற வரைக்கும் வெறுங்கால்ல போறாரு. கோயில் தாண்டனதும் மாட்டிக்கினு ஏரிக்கரையா சுத்தி வராரு. நான் சொல்லிப் பாத்துட்டேன்.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

நைனாவின் இளமையில், காலனிக்காரர்கள் ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. இன்று டேங்க் இருக்கிற இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் இருந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அதெல்லாம் ஒழிந்து எவ்வளவோ காலமாயிற்று. எங்கள் பையன்கள் அந்தத் தெருவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பைக்கில் பறக்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. நானே பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் அந்த வழியாகத்தான் போனேன். ஆனால் நைனா எப்போதும் ஏரிக்கரை வழியாகச் சுற்றித்தான் போவார். காற்று வாங்கிக்கொண்டு போகிறார் என்று நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவரைத்தான் தினம் ஏழு முறை அந்தத் தெருவில் போகச் சொல்லிக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

“இப்ப யாரு நைனா உன்ன கேக்கப் போறாங்க?” என்றேன்.

“ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எனக்குத் தெரியாதா?” அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். “நான் கழட்டணும்னு நெனச்சிக் கழட்டலடா. குனிஞ்சிட்ட அப்பாலதான் கழட்டறேன்னே தெரியுது.”

எலும்புக்குப் போகவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அம்மா திருச்சானூர்த் தாயார் கோயில் இருக்கிற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டாள்.

“இந்தத் தடவ விரல் தப்பிச்சது,” என்றார் டாக்டர். “இன்னொரு தடவ நான் கியாரண்டி தர மாட்டேன்.”

நாற்காலிக்கு வேலை

புண் ஆறும் வரை அந்தக் காலை ஊன்றவே கூடாது. சாய்வு நாற்காலி மறுபடி வாசலுக்கு வந்தது. ஆனால் இந்த முறை நைனா அதில் சாயவில்லை. நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, டாக்டர் காட்டிய மாதிரி முட்டியை நீட்டி, பத்து எண்ணி, மடக்குவார். இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் பிடித்துத் தூக்கி இறக்குவார். எண்ணுவது மட்டும் தெலுங்கில். களத்துமேட்டில் மூட்டை எண்ணிய பழக்கம்.

“ஒக்கட்டி… ரெண்டு… மூடு… டேய், இது வேலையாடா? ஒரு பயிரும் மொளைக்கல இதுல.”

“கால் மொளைக்கும் நைனா.”

காலனி ஜனம் வேடிக்கை பார்த்தது. சும்மா இருக்கிற ஆள் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவதும் இறக்குவதும் அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. “மாமா, தாகம்னா குடிச்சிடேன், ஏன் தூக்கித் தூக்கிப் பாக்கற?” என்றான் ஒருவன். நைனா நிறுத்தவில்லை. “நீ அறுவது வயசுக்கு வாடா, பாட்டில் வாங்கித் தரேன்,” என்றார்.

ஆறு வாரத்துக்கு மேலாயிற்று புண் மூட. கடைசிக் கட்டுப் பிரித்த அன்று நடக்கலாம் என்றார் டாக்டர். முதலில் பத்து நிமிடம், பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். அதை வீட்டு முற்றத்திலேயே சுற்றிச் சுற்றி நடந்து தீர்த்தார். முப்பது நிமிடம் ஆனபோது முற்றம் தலையைச் சுற்ற வைத்தது.

சுவரில் இருந்த அட்டவணையை நான் கிழித்துவிட்டேன். “திருப்பதிக்கே வந்துடு நைனா, பார்க்கு இருக்கு. பெரிய ரூமா எடுக்கலாம்,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

“எதுக்கு? ஊர்ல நல்ல ரோடு கீதே.”

“அந்தத் தெரு வேணாம் நைனா.”

“நீ யாருடா வேணான்றதுக்கு?”

டேங்க்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. நைனா ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கிளம்பினேன்.

“நீ டேங்க்காண்ட நின்னுக்கோ. கூட வராத. வந்தா, புள்ள படிச்சவன், அவன் தைரியத்துல போறான்னுவாங்க.”

டேங்க்கை நெருங்கியதும் அவர் நடை தானாகத் தளர்ந்தது. நின்றார். குனிந்தார். கை லேஸுக்குப் போயிற்று. கத்திக் கூப்பிடலாமா என்று வாய் வரை வந்துவிட்டது.

நைனா லேஸை இழுத்து, ஏற்கெனவே போட்டிருந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார். அடுத்த காலுக்கும் போட்டார். நிமிர்ந்தார். மஞ்சப்பையை என்னிடம் நீட்டினார். தெருவுக்குள் கால் வைத்தார்.

மூன்றாவது வீடுதான் நைனா மாடு மேய்த்த பெரிய வீடு. கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் சின்ன தொர பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நைனாவின் வயதுதான் அவருக்கும். கணுக்கால் இரண்டும் வீங்கி, ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தார். அந்த வீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் இவர் இன்னும் ‘சின்ன தொர’தான்.

“யாரு, முனிரத்தினமா? இன்னாபா இது, கால்ல ரெண்டு கிளி ஒக்காந்துக்கினு கீது?”

“ஷூங்க.”

“தெரியுது. தெருவுல போட்டுக்கினு போறியே, அதான் கேட்டேன்.”

“கழட்டினா வெரல எடுத்துடுவாங்களாம். டாக்டரம்மா சொல்லிக் கீறாங்க.”

வழக்கமாக அந்த வாக்கியத்தின் கடைசியில் ‘தொர’ என்று ஒரு வார்த்தை வரும். அன்று வரவில்லை. இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள் என்றே நினைக்கிறேன்.

சின்ன தொர பேப்பரை மடித்தார். “ஒங்க காலனிக்குத்தான் கவர்மெண்டு ரோடு போட்டுக் குட்த்துதே. அங்க நடக்கறது?”

“பைப்புக்கு நோண்டி வெச்சிக் கீறாங்க.” நைனா இரண்டு அடி போனார். நின்றார். திரும்பினார். “மூடினாலும் இங்கதான் நடப்பேன்.”

அவ்வளவுதான். சத்தம் கூட இல்லை. நடந்தார். ஆரஞ்சு லேஸ் தெருவோடு சின்னதாகிக்கொண்டே போயிற்று. கோயில் வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி பெரிய வீடு. மறுபடி கோயில். தெரு சின்னது, நாற்பது நிமிடம் பெரியது. அதனால் அந்தத் தெரு முழுவதும் நைனாவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டியிருந்தது. மூன்றாம் நடையில் சின்ன தொர மடித்த பேப்பரை மறுபடி விரித்தார். ஐந்தாம் நடையில் அவர் மருமகள் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியை ஓரமாக நகர்த்தி, “ஈரமா கீது, பாத்துப் போங்க,” என்றாள். அவளுக்கு அந்த ஷூவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் புத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

ஏழாம் நடை முடித்து டேங்க்குக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எத்தினி ஆச்சி?”

“ஏழு.”

“நாப்பது நிமிஷம் ஆச்சா?”

“ஆச்சி நைனா.”

தண்ணீர் பாட்டிலை வாங்கி இரண்டு மடக்குக் குடித்தார். தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னொண்ணு போய்க்கினு வரேன்.”

மறுபடி அந்த அறை

போன மாதம் டாக்டரம்மா முதலில் கேட்டது ஷூவைத்தான். திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்த அடிப்பாகம் சிமெண்ட் நிறத்துக்கு வந்து, குதிகால் பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. “கொத்தது, புதுசு ஒண்ணு வாங்கணும் பெத்தாயனா,” என்றார். சர்க்கரை இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும். பாத்ரூமில் குந்தி எழ இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை; ஷூ போட்டுக்கொண்டு நிலத்துக்கும் போய்விட்டு வருகிறார். செத்துப்போன உணர்ச்சி மட்டும் திரும்பி வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

நைனா பெஞ்சில் கால் நீட்டினார். கண்ணை மூடினார்.

பெருவிரலுக்கு அடியில் இழை வளைந்தது.

“தெரியல மேடம்.”

நடுவிரல்.

“தெரியல.”

பாதத்தின் உள்வளைவு.

“ஆங், இங்க தெரியுது.”

டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஃபேன் சுற்றியது. நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து நைனா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“இன்னும் வெக்கவே இல்லியே மேடம்?”